மண்ணை உழும் சிற்றுயிர்கள்

கலப்பை எட்டாத ஆழத்திலும் மண்ணைக் கிளறும் உயிர்கள் உள. தோட்டநிலத்தில் நாக்கிளிப் புழுக்கள் உக்கும் இலைகளை மண்ணுடன் உண்டு, பயிர் எளிதில் உறிஞ்சத்தக்க நைதரசன், பொசுபரசு ஆகியன செறிந்த எச்சத்தை இடுகின்றன. அவற்றின் வளைகளினூடாக நீரும் காற்றும் வேரை அடைகின்றன.

நீர் நிற்கும் வயலிலோ, நூல்போன்ற செந்நிறப் புழுக்கள் தலையைச் சேற்றுள் புதைத்து, உண்ட சேற்றை மேற்பரப்பில் கழிக்கின்றன. இதனால் மண்ணிலுள்ள அமோனியா வெளிப்பட்டு நெல்லுக்கு உதவுகின்றது. சிறிய களைவிதைகளும் ஆழப் புதையுண்டு முளையாதொழிகின்றன.

வைக்கோலை எரித்தல் இவ்வுயிர்களின் உணவை எரித்தலாகும். ஆதலால் கமக்காரர் வைக்கோலை வயலிலேயே பரப்புதல் வேண்டும்; தோட்டத்திற்குக் கூட்டெரு இடுதல் வேண்டும்; பூச்சிநாசினியைத் தேவையேற்படின் மட்டும், குறித்த அளவில் தெளித்தல் வேண்டும்.

ஈரமான தோட்டமண்ணில் 1 அடிச் சதுரமாக, 1 அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். புழுக்கள் அரிதாயின், மண் பட்டினி கிடக்கின்றது என அறிக.