திண்ணைப் பூனையும் தெரு நாயும்

கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் மல்லாட்டை பிடுங்கி மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டால், கூடவே எலியும் வந்துவிடும். எலி வந்தால் பூனை வேண்டும். ஆகவே இங்கே பூனை என்பது வெறும் செல்லம் அல்ல. வீட்டில் வேலை பார்க்கிற ஓர் ஆள். திண்ணையும் தாழ்வாரமும் அதன் ராஜ்யம். தெரு நாயின் ராஜ்யமோ வாசற்படி வரை. இந்த எல்லைத் தகராறு தினமும் உண்டு.

கவனித்திருப்பீர்களே! ஓடுகிற பூனையை நாய் விடாமல் துரத்தும். அதே பூனை ஓடாமல் நின்றுவிட்டால் நாய்க்குத் தயக்கம் வந்துவிடும். முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது 3, 4 கிலோ பூனை இரண்டு மடங்காகத் தெரிகிறது. போதாததற்கு ஒரு சீறல். அதற்கும் அடங்காவிட்டால் மூக்கில் ஓர் அறை. நாய்க்கு மூக்குதான் மென்மையான இடம். குட்டி போட்ட பூனையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அதுவே பாய்ந்து போகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பேக்கர்ஸ்பீல்டு நகரில், 2014 மே மாதம், வீட்டு வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த 4 வயதுப் பையனின் காலை அக்கம்பக்கத்து நாய் ஒன்று கவ்வி இழுத்தது. வீட்டுப் பூனை டாரா அம்புபோல் பாய்ந்து அந்த நாயை விரட்டியடித்தது. காமிராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. மறு வருடம் அங்கே ஒரு பிராணி நலச் சங்கம், வீர நாய்க்குத் தரும் விருதை இந்தப் பூனைக்குக் கொடுத்தது!

ஆனால் எல்லாப் பூனையும் டாரா அல்ல, எல்லா நாயும் பயந்து ஓடுவதுமில்லை. சண்டை முற்றும்போது நம் கை தானாக நடுவில் போகிறதே, ஆபத்து அங்கேதான். "வுடுடி அத்த, கடிச்சிடப் போவுது!" என்று மாமியார் கத்துவதற்குள் கையில் நாலு கோடு விழுந்திருக்கும். மிரண்டு போன பூனைக்குத் தன்னை வளர்த்தவள் யார் என்று தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள், தட்டைத் தட்டிச் சத்தம் போடுங்கள், முறத்தை நடுவில் நீட்டுங்கள். (முறத்தால் புலியை விரட்டிய பெண்ணின் ஊர் அல்லவா நம்முடையது!) பூனை தானாக அடங்கும்வரை குழந்தையை அதன் பக்கம் விடாதீர்கள்.

பிராண்டலோ பல்லோ பட்டுவிட்டதா? "பூனை பிறாண்டுனதுக்கெல்லாம் ஊசியா? மஞ்சள வெச்சி வுடு" என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. கேட்காதீர்கள். வெறிநோய் நாயிடமிருந்து பூனைக்கும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசி 2004-ஆம் ஆண்டோடு போய்விட்டது. இப்போது கையில்தான். முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் பெரும்பாலும் போடுகிறார்கள். ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் தேவைப்படும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். கடித்த பிராணியை 10 நாள் கண்காணிக்க வேண்டியதுதான், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பூனையையும் பாருங்கள். நாய் வாயில் கவ்வி உலுக்கியிருந்தால் வெளியே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய காயம். தோல் மூடிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் சீழ் வைக்கும். மூலையில் சுருண்டு சோறு தொடாமல் கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பாவமாக இருக்கிறதே என்று குழந்தையின் பாரசிட்டமால் மருந்தைப் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தெரியாத நாய் கடித்த பூனைக்கு வெறி பிடிக்க வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகலாம். சாதுவாக இருந்தது இருட்டில் ஒளிவது, எச்சில் வடிப்பது, காரணமின்றிப் பாய்வது என்று மாறினால் தொடாமல் அறையைச் சாத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் இடம் வைக்காமல், குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் ஆண்டுதோறும். மூடி போட்ட கூடையில் பழைய புடவை விரித்து எடுத்துப் போங்கள். அங்கே போனதும் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு வந்த நாய்களும் அங்கேதானே காத்திருக்கும்!