செடானா, கிராஸ்ஓவரா? பின் சீட்டில் இருந்து பார்த்தால் எந்த கார் சௌகரியம்?

வீட்டில் கார் வாங்கும் பேச்சு ஆரம்பித்தாலே, "வாங்குறதுதான் வாங்குறோம், கொஞ்சம் ஹைட்டான வண்டியா பார்த்துடலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதோடு பாதி முடிவு ஆகிவிடும். மீதியை யூடியூப் ரிவ்யூக்கள் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஷோரூம், டெஸ்ட் டிரைவ், ஐந்து முதல் ஏழு வருடக் கடனுக்குக் கையெழுத்து.

அந்த ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஓட்டுபவரின் சீட்டில் இருந்து பேசுபவை. ஆனால், குடும்ப காரில் பின் சீட்டில் உட்காரப் போவது அம்மா, மாமனார், குழந்தை. டிக்கியில் ஏறப் போவது ஊரில் இருந்து வரும் அரிசி மூட்டை. அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

பொலேரோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவை லாரி போலத் தனி சட்டகத்தின் மேல் பாடியைப் பொருத்திக் கட்டப்பட்ட வண்டிகள். கிராஸ்ஓவர் அப்படி அல்ல. சாதாரண காரைப் போலவே பாடியும் சட்டகமும் ஒன்றாக இருக்கும். உயரம் மட்டும் கூடுதல். நாம் 'காம்பாக்ட் எஸ்யூவி' என்று அழைக்கும் பிரெஸ்ஸா, நெக்ஸான், கிரெட்டா எல்லாம் இந்த வகைதான். பலேனோ ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தை வைத்து உருவானதே ஃபிரான்க்ஸ். இவற்றில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் மட்டும் இயங்குபவை. தோற்றத்தைப் பார்த்து மணலிலும் சேற்றிலும் இறக்கினால், சிக்கிக்கொள்ளத்தான் வாய்ப்பு.

ஒப்பிட வசதியாக ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். மாருதியின் டிசையர் செடான், பிரெஸ்ஸா கிராஸ்ஓவர். இரண்டின் நீளமும் 3,995 மி.மீ. பார்க்கிங்கில் இரண்டும் ஒரே நீளத்துக்குத்தான் இடம் பிடிக்கும்.

ஏறி இறங்க எது சுலபம்?

டிசையரின் உயரம் 1,525 மி.மீ. பிரெஸ்ஸா 1,685 மி.மீ. இந்த 16 செ.மீ. வித்தியாசத்தை அதிகம் உணர்வது முழங்கால் வலி உள்ளவர்கள். செடானில் உட்கார உடம்பைக் கீழே இறக்க வேண்டும். எழும்போது முழங்காலை ஊன்றி மேலே வர வேண்டும். கூரை பின்பக்கம் சரிந்து வருவதால் தலையையும் குனிய வேண்டும். கிராஸ்ஓவரில் சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கும். நாற்காலியில் உட்காருவது போல அப்படியே உட்கார்ந்துவிடலாம்.

அதற்காக, உயரம் கூடக்கூட வசதியும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். பெரிய எஸ்யூவிகளில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். சேலை கட்டிய பாட்டிக்கு அது செடானைவிடக் கஷ்டம். உட்காருபவரின் இடுப்பும் சீட்டும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும். இந்த விஷயத்தில் காம்பாக்ட் கிராஸ்ஓவருக்கே முதல் மார்க்.

அகலத்திலும் பிரெஸ்ஸா 1,790 மி.மீ., டிசையர் 1,735 மி.மீ. பின்னால் மூன்று பெரியவர்கள் உட்காரும்போது இந்த ஐந்தரை செ.மீ. தோள்பட்டைக்குத் தெரியும்.

பயணத்தில் எது சொகுசு?

இங்கே செடான் முந்துகிறது. உயரமான வண்டியின் எடை மேலே இருப்பதால் வளைவுகளில் அது அதிகம் சாயும். சாய்வைக் குறைக்க சஸ்பென்ஷனை இறுக்கமாக அமைப்பார்கள். விளைவு, குண்டும் குழியுமான ரோட்டில் பின் சீட்டில் இருப்பவரின் தலை இடமும் வலமும் ஆடும். தாழ்வான செடானில் இந்த ஆட்டம் பொதுவாகக் குறைவு.

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ, 40 வளைவுகள் கொண்ட வால்பாறைக்கோ போனால் இந்த வித்தியாசம் புரியும். முன்னால் இருப்பவர் "செம டிரைவ்" என்பார். பின்னால் இருப்பவர் எலுமிச்சம்பழம் கேட்பார். சில புதிய கிராஸ்ஓவர்களில் ஸ்டைலுக்காகப் பின் ஜன்னலைச் சின்னதாக்கி, மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே பார்வை எட்டாத குழந்தைக்குக் குமட்டல் சீக்கிரம் வரும்.

நெடுஞ்சாலையிலும் செடானுக்கே சாதகம். உயரமான வண்டி அதிகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் 100 கி.மீ. வேகத்தில் காற்றின் இரைச்சலும் கூடும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

டிக்கியில் எது பெரியது?

பெரிதாகத் தெரியும் வண்டியில் டிக்கியும் பெரிதாக இருக்கும் என்று நினைப்போம். டிசையரின் டிக்கி 382 லிட்டர். அதே நீளமுள்ள பிரெஸ்ஸாவில் 328 லிட்டர். ஒரு படி மேலே போனால், ஹோண்டா சிட்டியில் 506 லிட்டர், ஹூண்டாய் வெர்னாவில் 528 லிட்டர். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கிரெட்டாவிலோ 433 லிட்டர்தான்.

ஆனால், லிட்டர் மட்டுமே கணக்கு இல்லை. செடான் டிக்கியின் வாய் சின்னது. மடக்கிய வீல்சேர், குழந்தையின் சைக்கிள், டிவி பெட்டி போன்றவை உள்ளே நுழையாது. கிராஸ்ஓவரில் பின் கதவு மொத்தமாகத் திறக்கும். பின் சீட்டை மடித்தால் வாஷிங் மெஷினைக்கூட ஏற்றலாம்.

செடானுக்கு இன்னொரு லாபமும் உண்டு. டிக்கி தனி அறை. கருவாடோ பலாப்பழமோ கொண்டுவந்தால் வாசனை பின்னாலேயே இருக்கும். கிராஸ்ஓவரில் வழி முழுக்கக் கூடவே வரும்! சீட்டின் உயரத்தைத் தாண்டிப் பொருட்களை அடுக்கினால், திடீர் பிரேக்கில் அவை முன்னால் பாயும் ஆபத்தும் உண்டு.

சிஎன்ஜி மாடல் வாங்குபவர்கள் கவனிக்க: கேஸ் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைக்கும் மாடல்களில் ஓரளவு இடம் மிஞ்சும்.

ஏழு பேர் போகணும்னா?

செடானும் கிராஸ்ஓவரும் இங்கே தோற்றுவிடும். எர்டிகா, கேரன்ஸ் போன்ற எம்பிவிகள்தான் சரி. அதிலும் ஒரு சிக்கல். எர்டிகாவில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர். நான்கு மீட்டருக்குள் ஏழு சீட் தரும் டிரைபரில் 84 லிட்டர்தான். ஏழு பேரையோ, ஏழு பேரின் லக்கேஜையோ ஏற்றலாம். இரண்டையும் சேர்த்து ஏற்றுவது கஷ்டம்.

வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக மட்டும் ஏழு சீட் கார் யோசிக்கிறீர்களா? அந்த இரண்டு நாட்களுக்கு இன்னோவா வாடகைக்கு எடுப்பது மலிவு. மீதி நாட்களில் யார் யார் ஏறுகிறார்களோ, அவர்களுக்காக வாங்குங்கள்.

வேகத்தடை, மழை வெள்ளம்?

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவை எப்படி என்று உங்களுக்கே தெரியும். டிசையரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 163 மி.மீ. ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் இது இன்னும் குறையும். கிராஸ்ஓவர்களில் ஏறக்குறைய 200 மி.மீ. இருப்பதால் அடி தட்டுவது அபூர்வம். கிராமத்து மண் ரோட்டில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வெள்ளம் வேறு விஷயம். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் உயரம்தான் அங்கே முக்கியம். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால், எந்த கார் என்றாலும் இன்ஜின் போய்விடலாம்.

செலவு எவ்வளவு வித்தியாசம்?

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளோ டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள்ளோ இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். டிசையர் 18 சதவீதத்தில் வருகிறது. அதே நீளமுள்ள பிரெஸ்ஸாவுக்கு 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின் என்பதால் 40 சதவீதம்.

மைலேஜும் அப்படியே. நிறுவனக் கணக்குப்படி, மேனுவல் டிசையர் லிட்டருக்கு 24.79 கி.மீ. பிரெஸ்ஸா மேனுவல் மாடலைப் பொறுத்து 17.38 முதல் 19.89 கி.மீ. மாதம் 1,000 கி.மீ. ஓடினால், குறைந்தது 10 லிட்டர் வித்தியாசம். லிட்டர் ரூ.100 என்று வைத்தால், ஏழு வருடக் கடன் முடியும்போது ரூ.84,000. பெரிய டயரை மாற்றும் செலவு தனி.

உயரமான கார்தான் பாதுகாப்பானதா?

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால், 2024-ல் குளோபல் என்கேப் சோதனையில் டிசையர் செடான் 5 நட்சத்திரம் வாங்கியது. உயரத்தை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்த மாடலின் நட்சத்திரத்தையும் குழந்தைகள் பாதுகாப்புக்கான மதிப்பெண்ணையும் பாருங்கள்.

அப்போ யாருக்கு எது?

* வயதானவர்கள் தினமும் ஏறுகிறார்கள், ரோடு மோசம்: காம்பாக்ட் கிராஸ்ஓவர்.
* நெடுஞ்சாலைப் பயணம் அதிகம், லக்கேஜ் அதிகம், பட்ஜெட் இறுக்கம்: செடான்.
* மாதம் பலமுறை ஆறேழு பேர்: எம்பிவி.
* சிட்டிக்குள்ளேயே மூன்று பேர்: ஒரு நல்ல ஹேட்ச்பேக் போதும்.

டெஸ்ட் டிரைவில் இதைச் செய்யுங்கள்

* வீட்டில் மூத்தவரை அழைத்துப் போய், மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.
* நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். வேறு ஒருவர் ஓட்டட்டும். வேகத்தடை, குழி இரண்டும் உள்ள ரோடாகத் தேர்ந்தெடுங்கள்.
* வீட்டில் உள்ள பெரிய சூட்கேஸையும் ஸ்ட்ரோலரையும் எடுத்துப் போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள்.
* குழந்தை சீட்டைப் பொருத்தியபின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.
* ஐந்து பேரோடு உங்கள் அபார்ட்மென்ட் சரிவுப் பாதையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள்.

சேல்ஸ்மேன் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்தானே!