கூவாகத்தில் கைதட்டல், நடன வகுப்பில் 'இடமில்லை': திருநங்கைகளைச் சேர்க்க மறுத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

காடாம்புலியூரிலிருந்து கூவாகம் ஒன்றும் வெகு தூரமில்லை. சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயில் திருவிழா வந்துவிட்டால் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் வந்து குவிகிறார்கள். அதையொட்டி விழுப்புரத்தில் அழகிப் போட்டி, ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும். சுற்று வட்டார மக்கள் குடும்பத்தோடு வந்து பார்த்து, கைதட்டி, செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அப்படிக் கைதட்டிய ஒருவரின் மகள் நெய்வேலியிலோ பண்ருட்டியிலோ பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதே வகுப்பில் சேர ஒரு திருநங்கை வந்து நின்றால், அந்த அப்பா என்ன சொல்வார்? நடன வகுப்புகளில் நடக்கும் பாகுபாடு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மறுப்பு எப்படி வருகிறது?

'உனக்குச் சொல்லித்தர மாட்டேன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் குறைவு. 'பேட்ச் ஃபுல் ஆயிடுச்சு', 'அடுத்த விஜயதசமிக்கு வாங்க', 'எங்களுக்கு ஒண்ணும் இல்ல, மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்களோ' என்றுதான் பதில் வரும். சேர்த்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். உடை மாற்றும் அறை எது? சலங்கை பூஜையில் எந்த வரிசை? ஆண்டு விழாவில் என்ன உடை? ஒவ்வொன்றிலும் ஒரு சங்கடம் காத்திருக்கும்.

இன்னொரு வகை வெளியே தெரிவதே இல்லை. நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரியும் சிறுவனை, 'டான்ஸ் ஆடினா இன்னும் மோசமாயிடுவான்' என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நடனம் யாருடைய பாலினத்தையும் மாற்றுவதில்லை. ஆனாலும் இந்தப் பயம் எத்தனையோ பேரை வகுப்பின் வாசல்படிக்கே வரவிடுவதில்லை.

மேடைக்கு இது புதுசா?

இல்லை. வேடிக்கையே அதுதான். இந்தப் பகுதியில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் திரௌபதியாக அழுதவர்கள் காலங்காலமாக ஆண்கள்தான். மெலட்டூர் பாகவத மேளாவிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடுகிறார்கள். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா சத்தியபாமா வேடத்துக்காகவே புகழ்பெற்றவர். வேடத்தை ஊர் கொண்டாடுகிறது. வேடம் கலைந்த பிறகும் 'நான் பெண்தான்' என்று ஒருவர் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறது.

நர்த்தகி நடராஜ் எப்படி உள்ளே வந்தார்?

மதுரை அனுப்பானடியில் பிறந்தவர் நர்த்தகி நடராஜ். சின்ன வயதில் அவருக்கு நடனப் பள்ளி என்பது சினிமா திரைதான். வைஜெயந்திமாலா, பத்மினி ஆடியதைப் பார்த்துப் பார்த்து ஆடிப் பழகினார். கூடவே தோழி சக்தி. இருவருக்கும் ஊரில் கிடைத்தது கேலி.

வைஜெயந்திமாலாவின் குரு யார் என்று தேடிப் போனவருக்குக் கிடைத்த பெயர் தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை. பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரின் பரம்பரையில் வந்தவர். அவரும் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருந்த பிறகே கதவு திறந்தது. பிறகு நடந்தது சும்மா வந்து போகும் வகுப்பு அல்ல, வருடக்கணக்கான குருகுலவாசம். 'நர்த்தகி' என்ற பெயரே குரு வைத்ததுதான்.

2011-க்கான சங்கீத நாடக அகாடமி விருது, 2019-ல் பத்மஸ்ரீ. திருநங்கை ஒருவர் பத்ம விருது பெற்றது அதுவே முதல் முறை. 2021-ல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரும் ஆனார். இந்தப் பட்டியலை எல்லோரும் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டியது அந்த ஒரு வருடக் காத்திருப்பை. ஒரு குரு மனம் வைத்ததால் ஒரு நர்த்தகி கிடைத்தார். எல்லா ஊரிலும் ஒரு கிட்டப்பா பிள்ளை இருப்பாரா? அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

2014 ஏப்ரல் 15-ம் தேதி நால்சா வழக்கில், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2019-ல் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இதன் 3-வது பிரிவு, கல்வி நிறுவனங்களிலும், பொதுமக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சேவைகளிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 'நிறுவனம்' மட்டுமல்ல, 'எந்த நபரும்' என்றே அந்தப் பிரிவு தொடங்குகிறது. ஆக, மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒருவர் தனியாக நடத்தும் வகுப்பும் விலக்கு கேட்க முடியாது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு 13-வது பிரிவு இன்னும் தெளிவு: படிப்பு, விளையாட்டு, பொழுதுபோக்கு எதிலும் வேறுபாடு கூடாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளுக்கும் இது பொருந்தும். கடலூரில் உள்ள பள்ளியில் பரதநாட்டியமும் கற்றுத்தருகிறார்கள்.

அப்போ தண்டனை உண்டா?

ஓட்டை இங்கேதான். 18-வது பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அது கொத்தடிமை வேலை, பொது இடத்துக்குள் விடாமல் தடுப்பது, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்துவது, உடல், மன, பாலியல், பொருளாதார ரீதியான துன்புறுத்தல் ஆகியவற்றுக்கு. 'வகுப்பில் சேர்க்க மறுத்தார்' என்பது அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. தடை ஒரு பிரிவில் இருக்கிறது, அதை மீறினால் என்ன என்பது இன்னொரு பிரிவில் விடுபட்டுப் போயிருக்கிறது. தனியார் பள்ளிகளில் வேலை இழந்த திருநங்கை ஆசிரியர் ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னதோடு, சட்டத்தை அமல்படுத்துவதில் அரசுகள் காட்டும் அலட்சியத்தையும் கடிந்துகொண்டது.

மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

முதல் வேலை, மறுப்பை எழுத்தில் வாங்குவது. வாட்ஸ்அப்பில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்தினாலும் போதும். 'பேட்ச் ஃபுல்' என்று சொன்ன அதே வாரம் வேறு மாணவரைச் சேர்த்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். 11-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். சின்ன நடன வகுப்புகளில் அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே நேராக மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். மனுவின் நகலில் சீல் வாங்க மறக்க வேண்டாம்.

வகுப்பு நடத்துபவர் செய்ய வேண்டியது அதைவிடக் குறைவு: விண்ணப்பத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம், தாழ்ப்பாள் போட்ட ஒரு தனி உடை மாற்றும் அறை, கூப்பிடச் சொன்ன பெயரில் கூப்பிடுவது. கை தொட்டு அடவு திருத்தும் முன் 'தொடலாமா?' என்று கேட்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது எல்லா மாணவர்களுக்குமே நல்லது.