கீழே, சாய்வு, முன்னே

வீடியோ கேம் என்றாலே கண்டபடி பட்டனைத் தட்டுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சண்டை ஆட்டங்களைப் பொறுத்தவரை அது சரியல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றுக்குள் ஒழுங்கான ஓர் இன்டர்லாக்கிங் இருக்கிறது.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1987-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தை வெளியிட்டது. 1991-இல் வந்த இரண்டாம் பாகம்தான் உலகமெங்கும் பரவியது. அதில் ரியூ என்ற வீரன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஓர் ஒளி உருண்டையை வீசுவான். பெயர் ஹடோக்கன். அதற்கென்று தனிப் பட்டன் கிடையாது. திசைக் குச்சியைக் கீழே அழுத்தி, அங்கிருந்து முன்பக்க மூலைக்குச் சாய்த்து, நேர் முன்னே கொண்டுவந்து, அந்தக் கணமே குத்து பட்டனை அழுத்த வேண்டும். எல்லாம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில்.

ஆட்டக்காரர்கள் இதை 236 என்று எழுதுகிறார்கள். கால்குலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 5, அதன் கீழே 2, வலது கீழ்மூலை 3, வலப்பக்கம் 6. (டெலிபோனை வைத்துப் பார்க்காதீர்கள், அதில் 2 மேலே இருக்கும்!) வீரன் இடப்பக்கம் நோக்கி நின்றால் எல்லாம் கண்ணாடிப் பிம்பம்.

எங்கள் டோம்பிவிலி வீட்டில் இருப்பது 2023-இல் வந்த ஆறாம் பாகம். ஒன்பதாவது படிக்கும் பேத்திக்கு ஹடோக்கன் பத்துக்கு மூன்றுதான் வரும். கட்டடத்துப் பையன்கள் சிரித்தார்கள். "என் கையே சரியில்லை தாத்தா, விட்டுடறேன்" என்றாள். 14 வயதில் ஒரு குழந்தை தன் கையைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. பழுது எங்கே என்று பார்க்காமல் பாகத்தைக் கழற்றி எறிவார்களா?

பயிற்சிப் பகுதியில் நாம் அழுத்துவதெல்லாம் திரையோரம் அம்புக்குறிகளாக வரிசையாக விழும். ஒவ்வொன்றும் எத்தனை ஃபிரேம் நீடித்தது என்ற எண்ணும் உண்டு. விநாடிக்கு 60 ஃபிரேம். எங்கள் ரிலே அறை டேட்டாலாகர் மாதிரியேதான்! படித்துப் பார்த்தேன். பேத்தியிடம் வேகக் குறைவே இல்லை, அவசரம்தான். குச்சி முன்னே போய்ச் சேருமுன் குத்து விழுந்துவிடுகிறது. சில சமயம் மூலை அம்பையே காணோம்.

இன்னொரு விசித்திரம். ஹடோக்கன் கேட்டால் ஷோர்யூக்கன் என்ற எகிறிக் குத்து வந்தது. அதன் வரிசை 623. இவள் முன்னே நடந்துகொண்டே 236 போடுகிறாள். நடையின் 6 சேர்ந்து 6236 ஆகிறது. அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது, பாருங்கள்! இயந்திரம் தன் கணக்கில் சரியாகத்தான் செய்தது. நடையை நிறுத்தி, குச்சியை நடுவுக்கு விட்டு, ஒரு மூச்சு கழித்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் ஒரு ரூட்டை விடுவிக்காமல் அதற்கு முரணான ரூட்டைப் போட முடியுமா?

மிருதங்கம் கற்கும் வீடுகளில் கேட்குமே, 'தகிட', அதைச் சொல்லச் சொன்னேன். 'த' கீழே, 'கி' சாய்வு, 'ட' முன்னே. குத்து அந்த 'ட' மேலேயே விழ வேண்டும். முதலில் விளம்ப காலம். ஹடோக்கன் வராது, வரவேண்டாம். அம்பு வரிசை சரியாக விழுந்தால் போதும். மூன்று நாள் இதேதான். பிறகு காலத்தைக் கூட்டினோம்.

ஆறாம் பாகத்தில் 'மாடர்ன்' என்ற முறையும் உண்டு. ஒரே பட்டனில் ஹடோக்கன், ஆனால் அப்படிப் போட்டால் அடியின் பலம் 20 சதவீதம் குறையும். பையன்கள் அதை மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. என் கட்டைவிரல் மூட்டுக்கு அதுதான் தோது, நான் அதில்தான் ஆடுகிறேன். பேத்தியிடமும் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்" என்றாள்.

இப்போது வலப்பக்கம் நோக்கி நின்றால் பத்துக்கு ஒன்பது. மறுபக்கம் ஆறுதான். போன ஞாயிறு பையன்களோடு ஆடி முதல் ஆட்டம் தோற்றாள், இரண்டாவது ஜெயித்தாள். வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறாய் என்று ஒருவன் மராத்தியில் கேட்டானாம். இவள் சொல்லவில்லையாம்.