சட்டைக் காலரில் சிக்கிய துப்பு

2012இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பார்க்கின்சன் நோய் பற்றி ஒரு பொது உரை நடந்தது. பேசி முடித்த விஞ்ஞானி டிலோ குனாத்திடம் ஜாய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற செவிலியர் எழுந்து கேட்டார்: இந்த நோயாளிகள் உடம்பில் வீசுகிற வாடையை வைத்து நோயைக் கண்டுபிடிக்க ஏன் யாரும் முயலவில்லை? குனாத்திடம் பதில் இல்லை. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு முகரும் திறன் மங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் மேலேயே ஒரு வாடை வரும் என்பது அவருக்குப் புதிது.

மில்னின் கணவர் லெஸ் ஒரு மயக்கவியல் மருத்துவர். அவருக்கு 45 வயதில் பார்க்கின்சன் இருப்பது தெரியவந்தது. அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் முன்பே, கஸ்தூரி போன்ற புது வாடை ஒன்று அவரிடம் வீசுவதை மனைவி கவனித்திருந்தார். பின்னாளில் இருவரும் நோயாளிகளின் கூட்டம் ஒன்றுக்குப் போனபோது அதே வாடை அங்கிருந்த பலரிடமும் வீசியது. அப்போதுதான் இது நோயின் வாடை என்று மில்னுக்குப் புரிந்தது.

குனாத் அவரைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகள் ஆறு பேர், நோய் இல்லாதவர்கள் ஆறு பேர் ஒரு நாள் முழுக்க அணிந்த டி-சர்ட்டுகள், யாருடையது என்று தெரியாதபடி அவர் முன் வைக்கப்பட்டன. நோயாளிகள் ஆறு பேரையும் அவர் சரியாகச் சொன்னார். கூடவே, நோய் இல்லாதவர் ஒருவருடைய சட்டையிலும் அந்த வாடை இருக்கிறது என்றார். அது தவறு என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த நபருக்கும் பார்க்கின்சன் உறுதியானது.

இந்தக் கதையில் பலரும் வியந்து பேசுவது மில்னின் மூக்கை. ஆனால் வேதியியலுக்கு வழிகாட்டியது அவர் சொன்ன இன்னொரு விவரம். வாடை அக்குள் பகுதியில் பலமாக இல்லை, சட்டை பின்கழுத்திலும் மேல்முதுகிலும் படும் இடத்தில்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் மூலம் வியர்வை அல்ல, தோலின் எண்ணெய்ப் பசையான சீபம். எதைச் சேகரிக்க வேண்டும், எங்கிருந்து சேகரிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை கிடைத்துவிட்டது. உடல் வாடையை ஆராய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், தவறான இடத்திலிருந்து எடுத்த மாதிரியைக் கொடுத்தால் தவறான பதிலைத்தான் தரும்.

அக்குளின் வேதியியல் தனி. அங்குள்ள சுரப்பிகளிலிருந்து புதிதாக வரும் சுரப்புக்கு வாடையே கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நெடி பிறக்கிறது. ஃபிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் பிரெட்டியின் குழுவினர், ஆண்கள் அக்குளில் வைத்திருந்த பஞ்சுப் பட்டைகளிலிருந்து சுரப்பைப் பிரித்தெடுத்து, 1991இல் அந்த நெடிக்கு முக்கியக் காரணமான 3-மெத்தில்-2-ஹெக்ஸினோயிக் அமிலத்தை அடையாளம் கண்டார்கள்.

பஞ்சு எளிது, மலிவு. ஆனால் அதற்கென்றும் ஒரு வாடை உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொசுக்களை ஆராய்ந்த உல்ரிக் பெர்னியரின் குழு கண்ணாடி மணிகளைத் தேர்ந்தெடுத்தது. ஆட்கள் அவற்றைக் கைக்குள் வைத்து உருட்டுவார்கள். தோலின் பொருட்கள் மணியில் ஒட்டும், பிறகு அந்த மணிகளையே சூடாக்கிக் கருவிக்குள் ஆவியை அனுப்பலாம். கண்ணாடி தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. 2000இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களின் தடயங்கள் தெரிந்தன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஹால் நைலான் காலுறையை எடுத்துக்கொண்டார். 64 பேர் அதை முன்கையில் மாட்டிக்கொண்டார்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி கொசு சிலருடைய நைலானை மட்டும் விடாமல் மொய்த்தது. அவர்களுடைய தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் என்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

எதில் சேகரித்தாலும் சில கட்டுப்பாடுகள் தப்பாது. வாசனை சோப்பு, சென்ட், டியோடரன்ட் கூடாது. பல ஆய்வுகளில் பூண்டு போன்ற உணவுகளையும் தவிர்க்கச் சொல்வார்கள். யார் உடம்பிலும் படாத ஒரு துணியையும் அதேபோன்ற பையில், அதே நேரத்துக்கு வைத்திருந்து சோதிப்பார்கள். அதில் தெரிகிற எதுவும் மனிதருடையதல்ல. தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமுள்ள ஊர்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. எண்ணெயின் லாரிக் அமிலம் தோலின் கொழுப்போடு கலந்து நின்றால் முடிவே திசைமாறிவிடும்.

மில்ன் தந்த துப்பின்படி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பெர்டிட்டா பாரன் குழு காஸ் துணியால் பலருடைய மேல்முதுகைத் துடைத்து எடுத்தது. துணியைச் சூடாக்கினால் ஆவியாகும் பொருட்கள் வெளியேறும். அவை வாயுவோடு சேர்ந்து, தலைமுடி போல மெல்லிய துளையுள்ள, பல மீட்டர் நீளக் குழாய்க்குள் போகின்றன. பழநி மலைப் படிக்கட்டில் ஒன்றாக ஏறத் தொடங்கும் கூட்டம் போல, புறப்படும்போது சேர்ந்திருப்பவை போகப்போகப் பிரிகின்றன. எளிதில் ஆவியாகிறவை முந்திக்கொள்ளும், குழாயின் உட்பூச்சில் ஒட்டிக்கொள்கிறவை பின்தங்கும். மறுமுனையில் நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றையும் எலெக்ட்ரான்களால் சிதைத்து, துண்டுகளின் எடையைக் கொண்டு அது இன்னது என்று சொல்கிறது.

அந்த மறுமுனையில்தான் மில்னும் உட்கார்ந்தார். குழாயிலிருந்து வரும் ஆவியில் ஒரு பங்கு கருவிக்கும் இன்னொரு பங்கு முகரும் கூம்புக்கும் போகும்படி அமைத்திருந்தார்கள். கருவி ஒரே ஓட்டத்தில் எண்ணற்ற சிகரங்களை வரையும். அவற்றில் எது நோயின் வாடை என்று அதற்குத் தெரியாது. 19ஆவது நிமிடத்துக்கும் 21ஆவது நிமிடத்துக்கும் இடையே வருவதுதான் அந்த வாடை என்று மில்ன் காட்டிக்கொடுத்தார். மூக்கும் கருவியும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட அந்த ஏற்பாடு அறிவியலின் அழகான தருணங்களில் ஒன்று. 2019இல் வெளியான கட்டுரையில் நான்கு பொருட்கள் பேசப்பட்டன. நோயாளிகளிடம் ஹிப்பூரிக் அமிலம், ஐகோசேன், ஆக்டாடெக்கனல் கூடியிருந்தன, பெரில்லிக் ஆல்டிஹைடு குறைந்திருந்தது.

இதே வித்தை கெட்ட கைகளிலும் இருந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையான ஸ்டாசி, விசாரணைக்கு வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் துணியை வைத்து, அவர்கள் எழுந்து போனதும் அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துச் சேமித்தது. பின்னர் துண்டறிக்கை எங்காவது கிடைத்தால், எழுதியவர் யார் என்று மோப்ப நாயை வைத்துத் தேடினார்கள். தங்களிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. உடம்பின் வாடையும் ஒருவரின் அந்தரங்கம்தான். மருத்துவத்துக்காக எடுக்கும்போதும் சம்மதம் கேட்டே எடுக்க வேண்டும், வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

2022இல் பாரன் குழு வேலையை இன்னும் சுருக்கியது. பஞ்சுக் குச்சியால் முதுகைத் துடைத்து, அதைச் சிறு முக்கோணத் தாளுக்கு மாற்றி, கரைப்பான் விட்டு, மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நேராகக் கருவிக்குள் தெறிக்கின்றன. சில நிமிடங்களில் முடிவு வந்துவிடுகிறது. அந்த ஆய்வில் பங்கேற்ற 150 பேரில் 79 பேர் நோயாளிகள். இந்த முறையில் வேறுபாட்டைக் காட்டியது ஆவியாகும் பொருட்கள் அல்ல, அவற்றைவிடக் கனமான கொழுப்புகள்.

இன்றும் மருத்துவர்கள் பார்க்கின்சனைக் கண்டறிவது பெரும்பாலும் நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் பார்த்துத்தான். அவை வெளியே தெரிவதற்குள் மூளையின் டோபமின் செல்களில் கணிசமான பகுதி அழிந்திருக்கும். அதனால் பாரன் குழு அடுத்து, கனவில் வருவதை உறக்கத்திலேயே கை கால் வீசி நடித்துக்காட்டும் கோளாறு உள்ளவர்களிடம் போனது. அவர்களில் பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வருகிறது. 2025இல் வெளியான முடிவுகளின்படி, அவர்கள் முதுகிலிருந்து எடுத்த சீபத்தின் வேதியியல் ஆரோக்கியமானவர்களுடையதோடும் பொருந்தவில்லை, நோயாளிகளுடையதோடும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது.