வெங்காய விலையும் வர்த்தமானியும்

1970களின் முற்பகுதியில் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணக் கமக்காரர் அப்போது கண்ட விலையை மூத்தோர் இன்றும் சொல்வர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை போயிற்று.

1995 இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோது, விவசாயப் பொருட்களுக்குப் பொதுவாக 50 வீதத்துக்கு மேல் சுங்கவரி விதிப்பதில்லையென இலங்கை உடன்பட்டது. அந்த எல்லைக்குள் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கொழும்பே. எனவே பழி முழுவதையும் ஒப்பந்தத்தின்மேல் போடுவதை நாம் ஏற்கவில்லை.

2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கொண்டுவந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபா என நிதியமைச்சர் வர்த்தமானி மூலம் விதிக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். அறுவடைக்கு முன்னரே கூட்டினால் கமக்காரருக்குப் பயன். கப்பல் வந்து களஞ்சியம் நிறைந்தபின் கூட்டினால் இலாபம் இறக்குமதி செய்தவருக்கே.

இதை ஆராய்வோரிடம் வர்த்தமானித் திகதி உண்டு. நீங்கள் வெங்காயம் கிண்டிய நாளும், தோட்டத்தில் கிடைத்த விலையும் அவர்களிடம் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் வரி பிந்தி வந்ததா என்பது தெரியும். ஆகவே இடம்பெயர்ந்து குத்தகைக் காணியில் இரண்டு பரப்பே செய்தாலும், கிண்டிய திகதி, விற்ற நிறை, வியாபாரி கழித்த நிறை, கிலோ விலை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விற்ற அன்றே எழுதுங்கள். பின்னர் நினைவிலிருந்து எழுதும் விலை எப்போதும் சற்றுக் கூடியோ குறைந்தோ போகும்.