வீட்டுச் சோற்றில் விடை கண்டவர்

பேராவூரணிச் சீமை நெல்லுக்கும் தேங்காய்க்கும் பேர் பெற்றது. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியே வந்து சேரும் கடைமடை இது. ஆயினும், "உலையில் சோறு இருக்கிறது, பிள்ளை மட்டும் ஏன் தேறவில்லை?" என்று கலங்கும் தாய்மார் இங்கும் உண்டு. இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே தம் வாழ்நாளைச் செலவிட்டார் நம் தமிழகத்து அறிஞர் ஒருவர். அவர்தாம் டாக்டர் சி. கோபாலன்.

அவர் 1918 நவம்பர் 29 அன்று சேலத்தில் பிறந்தார். அதே 1918-இல்தான் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே உண்ட ஆந்திரக் கடலோரத்தில் அந்நோய் மிகுந்திருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். நம் பாட்டிமார் அவித்த நெல்லின் அருமையை அறிவியல் பிற்பாடே கண்டுகொண்டது!

சென்னையில் மருத்துவம் பயின்று, இலண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்ற கோபாலன், அக்குன்னூர்க் கூடத்தில் பணியில் சேர்ந்தார். அது 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. பின்னர் தேசிய உணவூட்டக் கழகமாக வளர்ந்தது. அதன் இயக்குநராகவும் அவர் விளங்கினார்.

அந்நாளில் ஏழைக் குழந்தைகளின் நலிவுக்குக் காரணம் புரதக் குறைவே என்று உலகம் நம்பியது. பாசியிலிருந்தும், பெட்ரோலியத்தில் வளர்க்கும் நுண்ணுயிரிலிருந்தும்கூடப் புரதம் எடுக்க முயன்றனர். கோபாலனோ குழந்தைகள் உண்மையில் உண்பதை அளந்து பார்த்தார். பெரிதும் குறைந்தது உணவின் அளவே என்று தெரிந்தது. ஆகவே, வழக்கமான உணவோடு நாள்தோறும் ஏறத்தாழ 300 கலோரி தரும் எளிய தின்பண்டத்தைக் கூடுதலாக ஓராண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தனர். அதிலிருந்த புரதம் 3 கிராம் மட்டுமே. ஆயினும் பிள்ளைகளின் எடையும் உயரமும் கூடின. இம்முடிவு 1973-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த மாவு டப்பாவைத் தேடி ஓட வேண்டியதில்லை. வீட்டு உணவையே வயிறார ஊட்டினால் போதும் என்பதே அதன் பொருள்.

குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிறையும், உடல் தேறாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு தாய்ப்பாலோடு, குழைந்த சோறும் பருப்பும் கீரையும் பிசைந்து, சிறிது எண்ணெய் சேர்த்து, நாளுக்குப் பலமுறை ஊட்ட வேண்டும்.

கண்பார்வையைக் காக்க, ஆறு மாதத்திற்கொரு முறை வைட்டமின் 'ஏ' மருந்து கொடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. அதற்கான ஆய்வு அவருடைய கழகத்திலேயே நடந்தது. எனினும், மருந்து இடைக்கால உதவியே, முருங்கைக்கீரை போன்ற உணவே நிலையான வழி என்று பிற்காலத்தில் வற்புறுத்தியவரும் அவரே. தம் திட்டத்தின் எல்லையைத் தாமே எடுத்துரைப்பது எளிதன்று.

1974 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராயிருந்தார். 1980-இல் இந்திய உணவூட்ட அறக்கட்டளையை நிறுவினார். 1987-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 2019 அக்டோபர் 3 அன்று, நூறு வயது நிறைந்தவராய்க் கண்மூடினார்.

அவர் பணி இன்னும் முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறது. இக்குறை பலவேளை தாயின் கருவிலேயே தொடங்குகிறது. எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் கர்ப்பிணிப் பெண் நம் வீடுகளில் இல்லையா?

அன்பு வாசகரே, ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் நமக்கென்று மட்டும் உணவு கேட்பதில்லை, எல்லாருக்குமாகவே கேட்கிறோம். இன்றிரவு சோறு பரிமாறும்போது முதல் தட்டு யாருக்குச் செல்கிறது என்று சற்றே கவனிப்போம்.